'எம்' (M) வகுப்பு ராக்கெட் மோட்டாருக்கு உண்மையில் எவ்வளவு செலவாகும்?

#1 எடைமேடை_மாமா (சுங்கை சிப்புட்)

எல்லாருக்கும் வணக்கம். நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் எடைமேடைக் கிராணி. லோரி ஏறும், எண் விழும், நான் எழுதுவேன். ராக்கெட் பற்றி ஒன்றும் தெரியாது.

என் அக்கா மகன் படிவம் 4 படிக்கிறான். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டில் நீர் ராக்கெட் போட்டிக்குப் போனவன். அன்றிலிருந்து சாப்பிடும்போதும் அதே பேச்சுதான். போன மாதம் அம்மாவிடம் போய், "எனக்கு ஒரு மோட்டார் வாங்க வேண்டும், காசு சேர்க்கிறேன்" என்றிருக்கிறான். நம் ஊரில் மோட்டார் என்றால் மோட்டார் சைக்கிள்தானே. பதினாறு வயசு ஆனதும் ஆரம்பித்துவிட்டான் என்று அக்கா அழுதே விட்டார். நான் போய் அவன் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன். ராக்கெட் மோட்டார். 'எம்' என்று எழுதி மூன்று முறை வட்டம் போட்டிருக்கிறான். பக்கத்தில் 700 டாலர், அதை நாலரையால் பெருக்கி 3,150 வெள்ளி (ரிங்கிட்).

சனிக்கிழமைகளில் ஒரு பட்டறையில் வேலை செய்து 1,400 வெள்ளி சேர்த்து வைத்திருக்கிறான். அப்பா இல்லாத பிள்ளை. மீதியை நான் போடலாம் என்று மனசு சொல்கிறது. ஆனால் 3,150 வெள்ளியோடு முடியுமா? இங்கே கொண்டுவர முடியுமா? கொண்டுவந்தால் எங்கே விடுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அவனிடம் பொய் சொல்லிச் சமாளிக்க எனக்கு இஷ்டமில்லை.

#2 மெல்பர்ன்_பேராக்

வணக்கம் அண்ணே. நான் பீடோரில் பிறந்தவன், வேலைக்காக ஆஸ்திரேலியா வந்து பல வருஷம் ஆகிறது. இங்கே பெரிய ராக்கெட் விடுவதற்கான இரண்டாம் நிலைச் சான்று வாங்கியிருக்கிறேன், கே வகுப்பு வரை விட்டிருக்கிறேன். எம் விட்டவர்கள் பக்கத்தில் நின்று உதவி செய்திருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் அந்த எழுத்து. ராக்கெட் மோட்டார் மொத்தம் எவ்வளவு தள்ளும் என்பதை நியூட்டன்-வினாடியில் அளப்பார்கள். ஏ என்றால் அதிகபட்சம் 2.5. அப்புறம் ஒவ்வோர் எழுத்துக்கும் இரட்டிப்பு. பி 5, சி 10, டி 20. இப்படியே ஏறி ஜி 160-இல் நிற்கும். அதைத் தாண்டி எச் வந்தால் 'உயர்சக்தி' என்கிறார்கள், விளையாட்டுக் கடைச் சாமான் அதோடு முடிந்தது. எச் 320, ஐ 640, ஜே 1,280, கே 2,560, எல் 5,120, எம் 10,240. உங்கள் மருமகன் வட்டம் போட்ட எழுத்து ஏ-யிலிருந்து பன்னிரண்டு முறை இரட்டித்தது.

எழுத்துக்குப் பின்னால் வரும் எண் சராசரி உந்துவிசை. எம்1500 என்றால் சராசரியாக 1,500 நியூட்டன். முழு எம் ஆக இருந்தால் 10,240-ஐ 1,500-ஆல் வகுங்கள், ஏழு வினாடிகூட இல்லை. அந்த ஏழு வினாடிக்குத்தான் 700 டாலர்.

ஆனால் 700 டாலர் என்பது உள்ளே போடும் மருந்துச் செட்டின் விலை மட்டும். நாங்கள் ரீலோட் என்போம். அதை வைத்து மூட அலுமினியக் குழாய் வேண்டும், முன்னும் பின்னும் மூடிகள் வேண்டும். எம் வகுப்புக்கு 75 மி.மீ. அல்லது 98 மி.மீ. குழாய். 98 என்றால் மூடிகளோடு அதற்கே இன்னொரு 700 டாலர் எடுத்து வைக்க வேண்டும். குழாய் திரும்பத் திரும்ப உதவும், மருந்து ஒரு தடவைதான். அப்புறம் ராக்கெட். அட்டைக் குழாய் இந்த விசைக்குத் தாங்காது, கண்ணாடியிழை வேண்டும், 500 டாலர். உயரம் பார்த்துப் பாரசூட்டைத் திறக்கும் கருவி, இந்த அளவுக்கு ஒன்று போதாது, தனித்தனி பேட்டரியோடு இரண்டு: 200. பாரசூட்டுகள், கயிறு: 250. விழுந்த இடத்தைக் காட்டும் கருவி: 200. கூட்டினால் 2,550 டாலர். மருமகன் கணக்குப்படியே நாலரையால் பெருக்கினால் 11,475 வெள்ளி. இதெல்லாம் என் கண்ணில் பட்ட விலைகளைச் சுற்றிப் போட்ட கணக்கு, பத்து இருபது சதவீதம் முன்னே பின்னே போகும். இதில் கப்பல் செலவு இல்லை, உரிமம் இல்லை, பயணம் இல்லை.

ஒரு விஷயம் அவனுக்குப் பிடிக்கும். ஒரு நியூட்டன்-வினாடிக்கு என்று பார்த்தால் பெரிய மோட்டார்தான் மலிவு. 50 டாலர் எச் மோட்டார் 220 தரும் என்றால் ஒன்றுக்கு 23 சென்ட். 700 டாலர் எம் 9,000 தந்தால் ஒன்றுக்கு 8 சென்ட்கூட வராது. மருந்து விலையேறுவதை விட மற்றவைதான் ஏறும். ராக்கெட் பெரிசாகும், நிலம் பெரிசாக வேண்டும், தவறினால் இழப்பதும் பெரிசு.

#3 கூலிம்_தம்பி

இவ்வளவு காசு ஏன் கொடுக்க வேண்டும் அண்ணே? நாமே மருந்து கலந்து செய்யலாமே. இணையத்தில் காணொளி நிறைய இருக்கிறது. குழாயை லேத் பட்டறையில் கடைந்து தருவார்கள். நூறு இருநூறு வெள்ளியில் முடிந்துவிடும் என்று தோன்றுகிறது.

#4 பால்மரத்துப்_பேரன்

தம்பி, கோபித்துக்கொள்ளாதே, ஒரு விஷயம் சொல்கிறேன்.

நான் லயத்தில் வளர்ந்தவன். தீபாவளி, ஹரிராயா வந்தால் பெரிய பையன்கள் மூங்கிலில் கார்பைட் போட்டு வெடிப்பார்கள். மூங்கிலுக்குப் பதில் இரும்புக் குழாய் வைத்தால் சத்தம் கூடும் என்று ஒரு வருஷம் என் பெரியப்பா மகனுக்கு யோசனை வந்தது. தண்ணீர்க் குழாய்த் துண்டு ஒன்றை எடுத்து வந்தான். மூங்கில் வெடித்தால் நார் நாராகக் கிழியும். இரும்பு அப்படி இல்லை, துண்டாகப் பறந்தது. நான் பத்தடி தள்ளி நின்றேன். சத்தம் ஞாபகம் இல்லை. அவன் கையைப் பார்த்துக்கொண்டே நின்றான், அழவே இல்லை, அதுதான் ஞாபகம். தோட்டத்து டிரெசர் (மருத்துவ உதவியாளர்) தன் சட்டையைக் கழற்றிச் சுற்றினார். ஈப்போ போய்ச் சேர்வதற்குள் இரண்டு விரல் போனது போனதுதான். இன்றைக்கும் அவன் பால் வாளியைத் தூக்கும்போது அந்தக் கையைத்தான் முதலில் பார்ப்பேன்.

காசு மிச்சம் பிடிக்கும் இடம் இது இல்லை, தம்பி.

#5 வேதியியல்_டீச்சர் (கோலகங்சார்)

தம்பி கேட்டது தப்பில்லை, என் மாணவர்களும் இதையேதான் கேட்பார்கள். அதனால் முழுதாகச் சொல்கிறேன். கலவை முறை மட்டும் சொல்ல மாட்டேன்.

இந்த மோட்டார்களில் உள்ள மருந்தின் பெரும் பகுதி அம்மோனியம் பெர்குளோரேட். வெள்ளை உப்பு போல இருக்கும். அதுதான் ஆக்சிஜன் தருகிறது, எரிய வெளிக்காற்று வேண்டாம். அதோடு அலுமினியத் தூள். இரண்டையும் பிடித்து வைக்க ஒரு செயற்கை ரப்பர். அமெரிக்க விண்வெளி ஓடத்தின் இரண்டு பக்கமும் நின்ற வெள்ளைப் பூஸ்டர்களில் இருந்ததும் இந்தக் குடும்பம்தான். எடையில் ஏறத்தாழ 70 சதவீதம் பெர்குளோரேட், 16 சதவீதம் அலுமினியம், மீதி பெரும்பாலும் ரப்பர். ஒவ்வொரு பூஸ்டரிலும் 500 டன் மருந்து.

வீட்டில் ஏன் கூடாது? இந்த மருந்து மேற்பரப்பில்தான் எரியும். எவ்வளவு பரப்பு எரிகிறதோ அவ்வளவு வாயு, அவ்வளவு அழுத்தம். உள்ளே கண்ணுக்குத் தெரியாத ஒரு விரிசலோ காற்றுக் குமிழோ இருந்தால் எரியும் பரப்பு திடீரென்று கூடும். அழுத்தம் கூடினால் எரியும் வேகமும் கூடும், வேகம் கூடினால் மறுபடி அழுத்தம். ஒன்றை ஒன்று துரத்தும். கண் இமைப்பதற்குள் குழாய் பிளந்துவிடும். பேரன் ஐயாவின் பெரியப்பா மகன் கதையில் வெடித்தது வேறு பொருள், ஆனால் அழுத்தம் தாங்காமல் குழாய் பிளந்தது அங்கேயும் அதேதான். தொழிற்சாலைக்காரர் விற்பது மருந்தை மட்டும் இல்லை, குமிழ் இல்லை என்ற உறுதியையும் சேர்த்து விற்கிறார். ஒவ்வொரு வகை மோட்டாரையும் சோதனை மேடையில் எரித்துக் காட்டிச் சான்று வாங்கிய பிறகுதான் சங்கங்களின் ஏவு களத்தில் அனுமதிப்பார்கள். அந்தச் செலவும் விலையில் இருக்கிறது.

விலைக்கு இன்னொரு காரணம், பெர்குளோரேட் தயாரிப்பவர்கள் மிகக் குறைவு. 1988-இல் அமெரிக்காவிலேயே இரண்டு ஆலைகள்தான், இரண்டுமே நெவாடாவில் ஹெண்டர்சன் ஊரில். 1986 சேலஞ்சர் விபத்துக்குப் பிறகு விண்வெளி ஓடம் பறக்காமல் நின்றதால் சரக்கு ஆலையிலேயே குவிந்து கிடந்தது. 1988 மே 4 அன்று அந்த இரண்டில் ஒன்றான பெப்கான் ஆலையில் தீப்பிடித்து அந்தச் சரக்கு வெடித்தது. இரண்டு பேர் இறந்தார்கள், முந்நூறுக்கு மேற்பட்டோர் காயம். இவ்வளவு அபாயமான பொருளை விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள் செய்தால் விலை இறங்காது.

கடைசியாக, மலேசியாவில் 1957-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டம் இருக்கிறது. உரிமம் இல்லாமல் செய்வது, வைத்திருப்பது, கொண்டுவருவது எல்லாமே குற்றம். 16 வயசுப் பிள்ளைக்கு எஸ்பிஎம் தேர்வு வேண்டும், வழக்கு வேண்டாம்.

#6 பால்மரத்துப்_பேரன்

டீச்சர், ரப்பர் என்று சொன்னதும் ஒரு சந்தேகம். நம் கித்தாப் பால்தானா அது? தட்டில் ஊற்றி அமிலம் விட்டு உறைய வைத்து ஷீட் போடுவோமே, அதே மாதிரி மருந்தையும் ஊற்றி உறைய வைப்பார்களா?

#7 வேதியியல்_டீச்சர் (கோலகங்சார்)

அது வேறு ரப்பர் ஐயா. பெட்ரோலியத்திலிருந்து வருவது, பாலிபியூட்டாடையீன் என்று பெயர். முதலில் தேன் போல இருக்கும், தூள்களைக் கலந்து அச்சில் ஊற்றுவார்கள், பிறகு இறுகும். ஊற்றி உருவம் வாங்குவது என்ற வகையில் நீங்கள் சொன்னது சரி. ஆனால் நம் பால் உறையும்போது தண்ணீரில் மிதக்கும் துகள்கள் ஒன்றுசேர்கின்றன. இதில் மூலக்கூறுச் சங்கிலிகளே ஒன்றோடு ஒன்று முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன, திரும்ப உருகாது. வல்கனைஸ் செய்த டயருக்குத்தான் இது சொந்தம்.

#8 மெல்பர்ன்_பேராக்

டீச்சர் சொன்னது அப்படியே உண்மை. கையில் எடுத்தால் பென்சில் அழிக்கும் ரப்பர் போலவே இருக்கும், சாம்பல் நிறத்தில், நகம் பட்டால் லேசாக அமுங்கும். என் முதல் ஜே மோட்டாரைப் பூட்டிய காலை இன்றும் நினைவிருக்கிறது. மடிக்கும் மேசை, அதன்மேல் சுத்தமான துணி. நடுவில் துளையோடு உருளை உருளையாக மருந்து. அதை ஒரு காகிதக் குழாயில் ஒன்றன்பின் ஒன்றாகச் செருகி, ரப்பர் வளையங்களுக்கு விரலால் கிரீஸ் தடவி, மூடியைத் திருக வேண்டும். எனக்குச் சொல்லிக்கொடுத்த பெரியவர், "வளையத்தைக் கண்ணால் பார்க்காதே, விரலால் பார்" என்றார். தடவிப் பார்த்தேன். ஒரே ஒரு மணல். ஏவு களம் முழுக்கப் புழுதி, எப்படியோ ஒட்டிக்கொண்டது. அந்த மணல் இருந்த இடத்தில் இடுக்கு விட்டால் மூவாயிரம் டிகிரி நெருப்பு அதன் வழியே வெளியேறப் பார்க்கும், அலுமினியம் வெண்ணெய் போல உருகும். பிரித்துத் துடைத்து மறுபடி முதலிலிருந்து பூட்டினேன். நாற்பது நிமிஷம். மோட்டார் எரிந்தது மூன்று வினாடிக்கும் குறைவு.

இதைச் சொல்லக் காரணம், எம் மோட்டாரைக் காசு கொடுத்தவனுக்கெல்லாம் கொடுக்க மாட்டார்கள். அமெரிக்காவின் இரண்டு பெரிய சங்கங்கள், 1957-இல் தொடங்கிய தேசிய ராக்கெட் சங்கமும் 1964-இல் தொடங்கிய டிரிப்போலியும், மூன்று நிலைச் சான்று வைத்திருக்கின்றன. முதல் நிலைக்கு எச் அல்லது ஐ மோட்டாரில் ராக்கெட்டை விட்டு, உடையாமல் திரும்பக் கொண்டுவர வேண்டும். இரண்டாம் நிலைக்கு எழுத்துத் தேர்வும் ஜே, கே, எல் ஒன்றும். மூன்றாம் நிலைதான் எம். அதற்கு வரைபடம், கணக்கு, படங்கள் எல்லாவற்றையும் முன்கூட்டியே இரண்டு பேர் பார்த்து ஒப்ப வேண்டும். 18 வயசு ஆகியிருக்க வேண்டும். அதற்குக் கீழே உள்ள பிள்ளைகள் பெரியவர் கண்காணிப்பில் முதல் நிலையைத் தொட வழி இருக்கிறது. எம்முக்கு வழி இல்லை.

#9 கிள்ளான்_சரக்கு

கிள்ளான் துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் வேலை எனக்கு. மாமா கேட்ட "கொண்டுவர முடியுமா" என்பதற்கு நேராகப் பதில் சொல்கிறேன்.

பெட்டியில் துணியோடு வைத்து விமானத்தில் எடுத்து வருவது என்பதை மறந்துவிடுங்கள். தடை. இணையத்தில் ஆர்டர் கொடுத்தால் தபாலிலும் வராது. ஐ.நா. ஆபத்துச் சரக்குப் பட்டியலில் இப்படிப்பட்ட மோட்டார்கள் வகுப்பு 1, அதாவது வெடிபொருள் வரிசை. காவல் துறை உரிமம் கையில் வந்த பிறகே சரக்கு அங்கிருந்து கிளம்ப வேண்டும், வந்து சேர்ந்த பிறகு கேட்டால் பறிமுதல். ஆபத்துச் சரக்குப் பயிற்சி பெற்றவர் கட்ட வேண்டும், அதை ஏற்றும் கப்பல் கிடைக்க வேண்டும், வந்த பிறகு வைக்க உரிமம் பெற்ற கிடங்கு வேண்டும். ஒரு கொள்கலன் நிறைய வெடிமருந்து கொண்டுவரும் குவாரிக்காரருக்கு இது கட்டுப்படியாகும். ஐந்து கிலோ அட்டைப்பெட்டி ஒன்றுக்கு இத்தனை காகிதமும் அதே காகிதம்தான், கட்டணமும் அதே கட்டணம்தான். மோட்டார் விலையைவிடப் பல மடங்கு போகும். தனி ஆளுக்கு உரிமம் கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

அலுமினியக் குழாயும் உயரமானியும் பாரசூட்டும் சாதாரணச் சரக்கு. அதற்குத் தடையில்லை.

#10 கூலிம்_தம்பி

புரிந்தது. டீச்சர், அண்ணே, எல்லாருக்கும் நன்றி. பேரன் அண்ணன் கதையைப் படித்துவிட்டு நான் சேர்த்து வைத்திருந்த காணொளிகளை அழித்துவிட்டேன்.

ஒரு கேள்வி. ஹைபிரிட் மோட்டார் என்கிறார்களே, அதில் வெடிமருந்தே இல்லையாமே?

#11 மெல்பர்ன்_பேராக்

ஆமாம் தம்பி. ஒரு பக்கம் பிளாஸ்டிக் அல்லது மெழுகு, இன்னொரு பக்கத் தொட்டியில் நைட்ரஸ் ஆக்சைடு. இரண்டும் தனித்தனியாக இருக்கும்வரை மோட்டார் இல்லை. அதனால் பல நாட்டுப் பல்கலைக்கழக அணிகள் அந்த வழியில் போகின்றன. ஆனால் உயர் அழுத்தத் தொட்டியும் வால்வும் தரையிலிருந்து நிரப்பும் கருவியும் வேண்டும், நைட்ரஸ் தன் பங்குக்கு ஆபத்தானது. தனி ஆளுக்கு இல்லை, ஆய்வுக்கூடம் உள்ள இடத்துக்கு.

நிலத்துக்கு வருகிறேன். எம் மோட்டார் எரியும்போது ஆட்கள் குறைந்தது 500 அடி, அதாவது 150 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. அது சின்னக் கவலை. பெரிய கவலை திரும்பி வருவது. 3,000 மீட்டர் உயரம் போகிறது என்று வையுங்கள், எம்முக்கு அது சாதாரணம். உச்சியில் சின்னப் பாரசூட் திறந்து வினாடிக்கு 25 மீட்டரில் இறங்கினால் இரண்டு நிமிஷம். அந்த நேரத்தில் வினாடிக்கு 8 மீட்டர் காற்று அடித்தால் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போய் விழும். எந்தப் பக்கம் என்பது காற்றின் இஷ்டம். அதனால்தான் அமெரிக்காவில் நெவாடாவின் பிளாக் ராக் பாலைவனத்துக்குப் போகிறார்கள். 2004 மே 17 அன்று அமெச்சூர்கள் விட்ட ராக்கெட் முதன்முதலில் 100 கிலோமீட்டரைத் தாண்டி விண்வெளியைத் தொட்டதும் அங்கிருந்துதான்.

#12 பால்மரத்துப்_பேரன்

நம் ஊர் நிலத்தைப் பற்றி நான் சொல்கிறேன். செம்பனையை முக்கோணமாக ஒன்பது மீட்டர் இடைவெளியில் நடுவார்கள், ஒரு ஹெக்டருக்கு 140 மரத்தை ஒட்டி வரும். வளர்ந்த தோட்டத்தில் மட்டைகள் ஒன்றோடு ஒன்று கோத்துக்கொண்டு மேலே கூரை போட்ட மாதிரி. பாரசூட் விழுந்தால் கூரையில் சிக்கும், கீழே இருந்து பார்த்தால் தெரியாது. காய் வெட்டுகிற ஆள் சில மாதம் கழித்துக் கண்டுபிடிப்பார். தேடப் போனால் வெட்டிப் போட்ட மட்டை அடுக்குக்குள் பாம்பு. மறுநடவுக்காக அழித்த வெற்று நிலம் கிடைத்தால் ஒரு வருஷம் திறந்த வெளி இருக்கும், ஆனால் நிர்வாகம் அனுமதி தர வேண்டும், பக்கத்தில் சாலை, தாமான் (குடியிருப்பு) வீடுகள்.

மேலே வானமும் காலி இல்லை. ஈப்போ விமான நிலையம் நமக்குத் தூரம் இல்லை. மூன்று கிலோமீட்டர் உயரத்துக்கு ஒன்றை விடுவதென்றால் சிவில் வான்போக்குவரத்து ஆணையத்தைக் கேட்காமல் நினைக்கவே கூடாது.

#13 எடைமேடை_மாமா (சுங்கை சிப்புட்)

இதை எல்லாம் அவனை உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன். 11,475 என்ற எண் வந்ததும் பேசவில்லை. கிள்ளான்காரர் எழுதியதைத் தானே இரண்டாம் முறை படித்தான். நோட்டை மூடிவிட்டு வெளியே போய்விட்டான். ராத்திரி வந்து, நானும் எழுதலாமா என்று கேட்டான். கீழே அவன்தான்.

#14 அந்த_மருமகன்

எல்லாருக்கும் வணக்கம். மாமா போட்ட கேள்விக்கு இவ்வளவு நேரம் எடுத்து எழுதியதற்கு நன்றி.

எம் ஏன் என்று யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். 2009 ஏப்ரலில் அமெரிக்காவில் மேரிலாந்தில் ஒருவர் சாட்டர்ன் 5 ராக்கெட்டின் பத்தில் ஒரு பங்கு மாதிரி செய்து பறக்கவிட்டார். 36 அடி உயரம், 1,648 பவுண்டு எடை. எட்டு 'என்' (N) வகுப்பு மோட்டார், நடுவில் 77,000 நியூட்டன்-வினாடிக்கு ஒரு பி. இது சின்ன பி இல்லை, ஓ-வுக்கு அடுத்து வரும் பெரிய பி. அது மெதுவாகத் தரையை விட்டுக் கிளம்பியதைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சின்னது பிடிக்கவில்லை. என் நோட்டில் எம் தான் இருப்பதிலேயே சின்ன பெரியது.

நீர் ராக்கெட்டுக்குத் திரும்பிப் போகச் சொல்வீர்கள் என்று தெரியும். அது தமிழ்ப்பள்ளி தம்பிகள் செய்வது. நான் அதைச் செய்து முடித்துவிட்டேன்.

#15 வேதியியல்_டீச்சர் (கோலகங்சார்)

தம்பி, நீ போட்டியில் எவ்வளவு தூரம் போனது என்று அளந்தாய். எவ்வளவு தள்ளியது என்று அளந்தாயா?

உன் போத்தல் எந்த எழுத்து என்று உனக்குத் தெரியுமா? ஏ-யா, சி-யா? எம் மோட்டார் விற்பவர்கள் முதலில் செய்வது அதைத்தான். மோட்டாரைத் தலைகீழாக ஒரு மேடையில் பூட்டி, அடியில் எடையுணர் கருவி வைத்து, வினாடிக்குப் பல தடவை விசையைப் பதிவு செய்வார்கள். அந்த வளைகோட்டுக்குக் கீழே உள்ள பரப்புதான் நியூட்டன்-வினாடி. இயற்பியல் பாடத்தில் கணத்தாக்கு என்று படிக்கிறாயே, அதுவே. வரைபடத்தாளில் கட்டம் எண்ணிக்கூடப் போடலாம். 700 டாலர் மோட்டாருக்கும் ஒன்றரை லிட்டர் போத்தலுக்கும் சோதனை ஒன்றேதான், உரிமம் தேவைப்படாதது இரண்டாவது. மாமா என்ன வேலை செய்கிறார் என்பதை மறந்துவிட்டாயா?

#16 எடைமேடை_மாமா (சுங்கை சிப்புட்)

டீச்சர், இதைப் படித்துவிட்டு உட்கார்ந்த இடத்திலேயே சிரித்துவிட்டேன். பதினெட்டு வருஷமாக எடைமேடையில் உட்கார்ந்திருக்கிறேன். மேடைக்கு அடியில் இருப்பது அந்தக் கருவிதான், நாங்கள் லோட் செல் என்போம். உருக்குக் கட்டை லேசாக வளையும், அந்த வளைவு மின்சார எண்ணாக மாறும். நாற்பது டன் லோரிக்கும் அதே வேலைதான்.

எங்கள் மேடையைச் சோதிக்க வரும் டெக்னீஷியனிடம் கேட்டேன். 20 கிலோ அளவுக்குச் சின்னது கடையில் கிடைக்கும், அதோடு அதன் எண்ணைப் படிக்க எச்எக்ஸ்711 என்று ஒரு சின்ன மின்னணுப் பலகை, இரண்டும் பெரிய விலை இல்லை என்றார். அளவு சரிபார்க்க ஒரு பழைய 5 கிலோ எடைக்கல்லையும் இரவல் கொடுத்தார்.

#17 அந்த_மருமகன்

சனிக்கிழமை செய்து பார்த்தோம். ஒன்றரை லிட்டர் கோலா போத்தல், அரை லிட்டர் தண்ணீர், சைக்கிள் பம்பில் 70 பிஎஸ்ஐ அழுத்தம். வாயில் 9 மி.மீ. துளை. பட்டறை முதலாளி இரும்புச் சட்டம் வெல்டிங் செய்து தந்தார். போத்தலைத் தலைகீழாகப் பூட்டி, கயிறு இழுத்து, நாங்கள் சுவருக்குப் பின்னால் நின்றோம். தண்ணீர் கூரை உயரத்துக்குப் போனது.

ஆனால் எண்கள் மூன்றே மூன்றுதான் வந்தன. 41, 33, 2. இதை வைத்து வளைகோடு வரைய முடியவில்லை. கருவி கெட்டதா?

#18 மெல்பர்ன்_பேராக்

கெடவில்லை தம்பி. அந்தப் பலகையை விற்கும்போது வினாடிக்கு 10 அளவு என்று வைத்து விற்பார்கள். உன் போத்தல் மூன்றில் ஒரு வினாடிக்குள் காலியாகிறது, மூன்று எண்தான் வரும். பலகையில் உள்ள சிப்பின் கால்களில் வேகத்தைத் தீர்மானிக்கும் ஒன்று தரையோடு, அதாவது கிரவுண்டோடு, இணைந்திருக்கும், ரேட் என்று தாளில் இருக்கும். அதை மெதுவாகத் தூக்கி மின்சாரப் பக்கம் இணைத்தால் வினாடிக்கு 80. சூடான சால்டர் முனையை அதிக நேரம் வைக்காதே, கால் முறிந்துவிடும்.

#19 அந்த_மருமகன்

வந்துவிட்டது!!

முதல் பலகையில் கால் முறிந்தது அண்ணே, இரண்டாவது வாங்கினேன். நேற்று நான்கு தடவை விட்டோம். 24 எண், 26, 25, 24. முதலில் 60 நியூட்டனைத் தொட்டு, அப்புறம் சரிந்து இறங்கி, தண்ணீர் தீர்ந்ததும் காற்று மட்டும் போகும்போது வால் மாதிரி சின்னதாக நீள்கிறது. நான் நேர்கோடாக விழும் என்று நினைத்தேன். உள்ளே காற்று விரிய விரிய அழுத்தம் குறைகிறது, அதனால் வளைகிறது.

பரப்பைக் கணக்குப் போட்டேன். 11.6, 12.3, 12.1, 12.0. சராசரி 12. பத்துக்கு மேல், இருபதுக்குக் கீழ். என் போத்தல் டி வகுப்பு. டி40 என்று மார்க்கரில் அதன்மேல் எழுதிவிட்டேன்.

முழு எம் மோட்டாருக்கு 850 போத்தல் வேண்டும். அந்த எண்ணை இப்போது கையில் பிடிக்க முடிகிறது, முன்பு அது வெறும் எழுத்தாக இருந்தது. அண்ணே, 18 வயசுக்குள் முதல் நிலை என்று சொன்னீர்களே, அந்தத் தேர்வுக்கு அங்கே வர வேண்டுமானால் என்னென்ன வேண்டும்? இரண்டு வருஷத்தில் 1,400-ஐ எவ்வளவாக்க வேண்டும்?

#20 மெல்பர்ன்_பேராக்

எச் மோட்டார், 29 மி.மீ. குழாய், ராக்கெட், எல்லாம் சேர்த்து 250 டாலருக்குள் வைக்கலாம், குழாயை நானே இரவல் தருகிறேன். மோட்டாரை இங்கேயே வாங்கி இங்கேயே எரிப்போம், ஒரு கிராம் மருந்துகூடக் கடல் தாண்ட வேண்டாம். ராக்கெட்டின் உடம்பை நீ அங்கே செய்து கொண்டு வா. பயணச் செலவுதான் பெரிசு. மாமாவோடு வர வேண்டும், இங்கே மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு, அதை நான் முன்கூட்டியே கேட்டு வைக்கிறேன். தங்குவதற்குக் கவலை வேண்டாம், என் வீட்டில் அறை இருக்கிறது. அந்த நான்கு வளைகோட்டையும் எனக்கு அனுப்பு.

#21 எடைமேடை_மாமா (சுங்கை சிப்புட்)

தம்பி, நன்றி. அக்காவிடம் சொன்னேன். கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போய் அவனுக்குத் தோசை ஊற்றினார்.

ஒரு சின்னக் கேள்வி மட்டும். அழுத்தம் 60-ஐத் தாண்டினால் போத்தல் வாயில் தண்ணீர் கசிகிறது. அதனால்தான் ஒரு தடவை 11.6 வந்தது என்கிறான். கடை வாஷர் இரண்டு போட்டும் நிற்கவில்லை. என்ன போடலாம்?

#22 பால்மரத்துப்_பேரன்

பழைய சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டிப் போடுங்கள். துளையை மட்டும் கொஞ்சம் சின்னதாக வெட்டுங்கள், இழுத்து மாட்டினால் தானாகக் கவ்வும்.

#23 அந்த_மருமகன்

70 வரை கசியவில்லை. 12.4.